புது தீஃபா, பழைய தீஃபா, டிஸ்ஆனர்டா?

போன வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, 2014ல வந்த தீஃப் கம்ப்யூட்டர் கேமை தள்ளுபடியில போட்டிருக்காங்க. வாங்கட்டுமா, இல்ல டிஸ்ஆனர்ட் எடுக்கட்டுமா? பழைய தீஃப் வேற இருக்கு, ஆனா திரையில தெரியற படத்தைப் பார்த்தாலே ஆட மனசு வரல" என்றான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் விடுமுறை மூன்று வாரம். லேப்டாப் ஆறு வருடப் பழசு. சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், காலி இடம் 25 ஜிபி. காசு, இடம், நேரம் மூன்றையும் பார்த்தால் இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும்.

ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இவை எல்லாவற்றையும் நான் முடித்திருக்கிறேன், சிலவற்றை மூன்று நான்கு முறை. போனில் அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் ஆடப்போகிறவனைப் பற்றி. கைபேசியில் நண்பர்களோடு துப்பாக்கிச் சண்டை ஆடும்போது முதல் ஆளாக ஓடிப்போய்ச் சுடுகிறவன் இல்லை இவன். புதருக்குள் படுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டே கடைசி நான்கு பேருக்குள் வந்துவிடுவான். கூட ஆடுகிறவர்கள் திட்டுவார்கள். பதுங்கி ஆடும் கேம்கள் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் பிறந்தன. அதனால் எந்த கேம் இவனுடைய பொறுமைக்கு மரியாதை கொடுக்கும் என்பதைத்தான் நான் யோசித்தேன்.

கொஞ்சம் பின்கதை தேவைப்படுகிறது. தீஃப் வரிசையின் முதல் கேம் 1998ல் வந்தது. லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் செய்தது. கண்ணுக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடுவதுதான் அப்போது முதல் நபர் பார்வை கேம் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது. அதே பார்வையில் ஒரு திருடனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் காரெட். நேருக்கு நேர் இரண்டு காவலர்கள் வந்தால் அவன் கதை முடிந்தது. நிழலும் மௌனமும்தான் அவனுக்குக் கவசம். மறுவருடம் அதே கேம் மூன்று மிஷன்கள் (ஆடி முடிக்க வேண்டிய தனித்தனிக் கட்டங்கள்) கூடுதலாக, தீஃப் கோல்ட் என்று வந்தது. 2000 மார்ச்சில் இரண்டாம் பாகம். அந்த மே மாதமே ஸ்டுடியோ மூடப்பட்டது. மூன்றாம் பாகத்தை அயன் ஸ்டார்ம் 2004ல் கொடுத்தது. அப்புறம் பத்து வருடம் ஒன்றும் இல்லை. 2014 பிப்ரவரியில் ஐடாஸ் மான்ட்ரியல் கதையைப் புதிதாகத் தொடங்கி, எண் எதுவும் போடாமல் வெறும் 'தீஃப்' என்ற பெயரிலேயே வெளியிட்டது. அக்கா மகன் கேட்டது இதைத்தான்.

இந்தப் புது தீஃபைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய ரசிகர்கள் பலர் இதை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

அந்தக் கைகள்! முதல் நபர் பார்வை கேம்களில் கை என்பது பெரும்பாலும் ஆயுதத்தைப் பிடிக்கும் ஒரு பொருள். இங்கே காரெட்டின் விரல்கள் ஒவ்வொன்றும் வேலை செய்கின்றன. சுவர் ஓரத்தில் ஒதுங்கி எட்டிப் பார்த்தால் விரல்கள் அந்தச் சுவரின் விளிம்பைப் பற்றுகின்றன. சுவரில் மாட்டிய ஓவியத்தின் சட்டத்தை இரு கைகளாலும் மெதுவாகத் தடவிப் போகும்போது, ஓர் இடத்தில் விரலில் ஏதோ தட்டுப்படும். அங்கே ஒளித்த பொத்தானை அழுத்தினால் சுவருக்குள் இருக்கும் பெட்டகம் திறக்கும். மேசை இழுப்பறையைத் திறப்பதும், மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைப்பதும், கத்தியால் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து அறுத்துச் சுருட்டுவதும் அப்படித்தான். நகை வேலை செய்கிறவர்கள் ஒரு மோதிரத்தைத் தொடுகிற விதம் இருக்கிறதே, அந்த நிதானம் இந்தக் கைகளில் உண்டு. திருடுவது ஒரு கைத்தொழில் என்பதை இந்த அளவுக்குக் காட்டிய கேமை நான் வேறு பார்க்கவில்லை.

அடுத்தது இருட்டு. மழை நனைத்த கல்தரை, தூரத்தில் ஒரு தீப்பந்தம், அதன் கீழே நிற்கும் காவலனின் நீண்ட நிழல். தண்ணீர் அம்பை எய்து பந்தத்தை அணைத்தால் தெருவின் அந்தப் பாதி சட்டென்று உன் வசமாகிவிடும். காவலர்கள் மட்டும் இல்லை, கூண்டுப் பறவைகளும் நாய்களும் உண்டு. பறவைக் கூண்டுக்குப் பக்கத்தில் வேகமாக நகர்ந்தால் அது சிறகடித்துக் கத்தும், காவலன் திரும்பிப் பார்ப்பான். உடைந்த கண்ணாடி கிடக்கும் தரையில் கால் வைத்தால் அதுவும் சத்தம். இவையெல்லாம் பதுங்கி ஆடுகிறவனைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்தவை. உட்கார்ந்தபடியே சட்டென்று வழுக்கிப் போகும் ஸ்வூப் என்ற அசைவு மட்டும் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அது இருளிலிருந்து இருளுக்குத் தாவுவதை ரொம்பவே சுலபமாக்குகிறது. ஆனால் விளக்கு எரிகிற ஒரு நடைபாதையைச் சத்தமில்லாமல் கடக்கும்போது வரும் சந்தோஷத்தை மறுக்க முடியாது.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பாழடைந்த மனநல விடுதிக்குள் போக வேண்டும். நீண்ட நேரம் உள்ளே யாருமே இருக்க மாட்டார்கள். கதவுகள், காலியான அறைகள், எங்கிருந்தோ ஒரு சத்தம், அவ்வளவுதான். 2004 கேமில் ஷேல்பிரிட்ஜ் கிரேடில் என்ற பழைய கட்டடம் ஒன்று இருந்தது, அதை ஆடியவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு ஹெட்ஃபோனோடு இதை ஆடிவிட்டு நான் தூங்கப் போனபோது மணி மூன்று.

எதை நீக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியாவதற்கு முன் இந்த கேமில் திடீரென்று திரையில் பொத்தான் படம் காட்டி அழுத்தச் சொல்லும் காட்சிகளும், எதிரிகளை வீழ்த்தினால் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும் முறையும் இருந்தன. ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மக்கள் சொன்னதைக் கேட்ட குழு அது. அந்த மரியாதையை மனதில் வைத்துக்கொண்டுதான் குறைகளுக்கு வருகிறேன்.

குறைகளில் எனக்குப் பெரியது கயிற்று அம்பு. பழைய கேமில் கயிற்று அம்பு மரம் எங்கே இருந்தாலும் குத்தி நிற்கும். உத்தரம், விட்டம், கதவுக்கு மேலே உள்ள பலகை, எதுவானாலும் சரி. கயிறு கீழே தொங்கும், நீ ஏறிக்கொள்ளலாம். அந்த லெவலை வடிவமைத்தவரே நினைக்காத வழியில் மாடிக்குப் போகலாம். புது தீஃபில் கயிறு சுற்றிய குறிப்பிட்ட உத்தரங்களில் மட்டுமே அம்பு குத்தும். அந்த உத்தரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு வழி இருக்கிறது என்று பொருள். நீ கண்டுபிடித்தாய் என்று சொல்ல முடியாது, உனக்குக் காட்டினார்கள். தாவுவதும் அப்படித்தான். தாவ ஒரு தனிப் பொத்தானே இல்லை. தாவலாம் என்று முடிவு செய்த இடங்களில் மட்டும் காரெட் தானாகத் தாவுவான். இடுப்பு உயரச் சுவர் ஒன்றை அவனால் ஏற முடியும், அதே உயரத்தில் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை முடியாது. இது ஒரு தடவை பட்டால் போதும், அதற்கப்புறம் நகரத்தைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது. சுவரைச் சுவராகப் பார்க்காமல் குறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஆரம்பிக்கிறாய்.

நான் இப்போது இருப்பது புதுச்சேரியில். கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சு வீதிகளில் இரவில் நடக்கும்போது இந்த கேம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். ரொமென் ரொலான் வீதியில் உயரமான மஞ்சள் மதில்கள், மதிலுக்கு மேலே தொங்கும் காகிதப்பூச் செடி, உள்ளே முற்றத்தில் ஒரு விளக்கு. ஒவ்வொரு மதிலுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது என்று மனம் நம்புகிறது, அந்த நம்பிக்கையில்தான் வீதிக்கு அழகு வருகிறது. புது தீஃபின் நகரத்தில் நூறு வீடுகளின் முகப்பைப் பார்ப்பாய், திறக்கக்கூடியது கொஞ்சம்தான். திறக்கும் ஜன்னலையும் கடப்பாரை வைத்து, ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி நெம்ப வேண்டும். நகரத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போனால் லோடிங். குறுகிய இடுக்கில் விழுந்து கிடக்கும் மரச்சட்டத்தை மெதுவாகத் தூக்கி நகர்த்துவதும் நடுநடுவே வரும். ஐந்தாவது தடவை அதைச் செய்யும்போது நகரம் என்ற உணர்வே போய், அறைகளைக் கோத்த மாலை போல ஆகிவிடுகிறது.

சத்தம் இன்னொரு குறை. பதுங்கி ஆடும் கேமில் இது சின்ன விஷயமில்லை. காவலர்கள் பேசுவது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை நம்பவே முடியாது என்று கேம் வெளியானபோதே பலரும் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் பேசுகிறவன் காதுக்குள் பேசுவது போல இருக்கும். ஒரே உரையாடல் மறுபடி மறுபடி வரும். காதை நம்ப முடியாமல் போனால் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் ஃபோகஸ் என்ற சக்தியை வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் உலகம் நீலச் சாம்பலாக மாறி, பணப்பையும் பொறியும் ஏறக்கூடிய குழாயும் ஒளிர்கின்றன. வேண்டாம் என்றால் பயன்படுத்தாமல் இருக்கலாம். நான் இருந்தேன், கேம் இரண்டு மடங்கு நன்றாக இருந்தது.

கதையை விரிக்க வேண்டியதில்லை. எரின் என்ற பெண், அவளோடு காரெட் செய்யும் ஒரு திருட்டு, அதில் நடக்கும் விபத்து, காரெட்டின் நினைவிலிருந்து காணாமல் போன ஒரு வருடம், நகரத்தைப் பிடித்த நோய். நல்ல விதைகள்தான். ஆனால் பாதியில் கதை தன் சொந்த மர்மத்திலேயே சிக்கிக்கொள்கிறது. நிதானமாகத் திருட வந்தவனை, தீப்பற்றி எரியும் கட்டடத்துக்குள் ஓடு ஓடு என்று விரட்டும் காட்சிகளும் உண்டு. பழைய காரெட்டுக்குக் குரல் கொடுத்த ஸ்டீபன் ரஸ்ஸல் இதில் இல்லை. அந்த அலுப்பான, தாழ்ந்த குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு இழப்பு.

இத்தனை சொன்னாலும் புது தீஃபின் சிறந்த பகுதி அதன் முக்கியக் கதையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாஸோ என்ற இடைத்தரகர் சின்னச் சின்ன வேலைகள் தருவார். இந்த வீட்டில் இந்தப் பொருள், போய் எடுத்து வா, அவ்வளவுதான். ஒரு வீடு, இரண்டு மூன்று அறை, ஒரு பொறி, ஒரு ரகசியம். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் இந்த வேலைகளுக்காகத்தான் இரண்டாவது முறை நிறுவினேன். பாஸோவின் பறவைக்கு ஜெனிவீர் என்று பெயர். இரண்டாம் பாகத்தின் முதல் மிஷனில் பாஸோ வீட்டை விட்டு அழைத்துப் போக நினைக்கும் காதலியின் பெயர் அது. பழசை ஆடியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் கொஞ்சம் இளகும்.

சரி, பழைய தீஃபுக்கு வருவோம். படத்தைப் பார்த்தால் ஆட மனசு வரவில்லை என்று அவன் சொன்னது உண்மைதான். முகங்கள் கட்டை போல இருக்கும். கைகள் மரத்தில் செதுக்கியது போல இருக்கும். அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. வேறு ஒன்று சொன்னேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. அப்போது நான் திருப்பாதிரிப்புலியூரில் ஆயா வீட்டில் இருந்தேன். ஓட்டு வீடு. கம்பங்கள் சாய்ந்து எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கையும் ஆயா சிக்கனமாகத்தான் ஏற்றுவார். அந்த இருட்டில் வீட்டை நான் காதால் கற்றுக்கொண்டேன். கூடத்துச் சிவப்பு சிமெண்ட் தரையில் வெறுங்கால் பட்டால் ஒரு சத்தம், முற்றத்துக் கருங்கல்லில் ஒரு சத்தம், மச்சுக்குப் போகும் மரப்படியில் மூன்றாவது படி மட்டும் முனகும். கதவைச் சாத்தினால் மழை தூரப் போகும், திறந்தால் கூடத்துக்குள் வரும். யார் எங்கே நடக்கிறார்கள் என்று படுத்தபடியே ஆயா சொல்லுவார், தப்பாது.

பழைய தீஃப் முழுவதும் அந்த வீடுதான். கம்பளத்தில் நடந்தால் மௌனம், புல்லில் நடந்தால் கொஞ்சம், ஓடு பதித்த தரையில் நடந்தால் டக் டக் என்று கேட்கும், இரும்புத் தகட்டில் கால் வைத்தாலோ அந்த மாடியே எழுந்துகொள்ளும். கேமின் உள்ளே சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. அறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து தாழ்வாரம் என்று வழி பிடித்து வளைந்து வருகிறது. அதனால் காவலன் இருமினால் அவன் எந்தப் பக்கம் இருக்கிறான், நடுவில் கதவு இருக்கிறதா என்பதுகூடத் தெரியும். அவனும் உன்னை அப்படியேதான் கேட்கிறான். கடக்க வேண்டியது சத்தம் போடும் தரை என்றால் பாசி அம்பை எய்து அதன்மேல் பச்சைப் பாசி படரவிட்டு, அதில் நடந்து போகலாம். திரையின் கீழே ஓர் ஒளிக்கல் மட்டும். அது மங்கினால் நீ மறைந்திருக்கிறாய், பிரகாசமானால் மாட்டப் போகிறாய்.

வரைபடம் கையால் கிறுக்கிய ஒரு தாள். ஏறக்குறைய எந்தப் பகுதியில் இருக்கிறாய் என்று காட்டுமே தவிர, அம்புக்குறி போட்டு வழி சொல்லாது. முதல் கேமில் பாஃபோர்டு பிரபுவின் மாளிகையில் செங்கோலைத் திருட வேண்டும். முன்வாசலில் காவல். சுற்றிப் போய்க் கிணற்று வழியாகத் தண்ணீரில் இறங்கினால் அடித்தளத்துக்குள் போகலாம். அதை நானே கண்டுபிடித்தபோது எழுந்து நின்று அறைக்குள் நடந்தேன். கடினம் என்பதையும் இவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். எக்ஸ்பர்ட் நிலையில் இலக்குகள் கூடுகின்றன, இன்னும் நிறையத் திருட வேண்டும், ஒருவரையும் கொல்லக் கூடாது. திருடன் கொலைகாரன் இல்லை என்பதைக் கதை சொல்லாமல் விதியே சொல்லுகிறது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. முதல் கேமில் கல்லறைகளும் நடமாடும் பிணங்களும் அதிகம். பயிற்சியை விட்டால் மூன்றாவது மிஷனே எலும்புக் குழிக்குள் இறக்கிவிடும். மாளிகைத் திருட்டுக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் பாகம் அதைச் சரிசெய்தது. அதில் பெரும்பாலும் மாளிகை, கிடங்கு, வங்கி என்றே போகும். கூரை கூரையாக நகரத்தைக் கடந்து ஒரு கோபுரத்துக்குப் போகும் மிஷன் ஒன்று உண்டு. 2014 நகரத்தில் நான் தேடியதெல்லாம் 2000ல் வந்த அந்த ஒரே மிஷனில் இருந்தது. ஆனால் இதில் நீராவியில் நடக்கும் இயந்திரக் காவலர்களும் கண்காணிப்புக் கேமராக்களும் வருகின்றன, அவை எல்லோருக்கும் பிடிப்பதில்லை. அப்புறம் கன்ட்ரோலரை மறந்துவிட வேண்டும், கீபோர்டும் மவுசும்தான். முதல் ஒரு மணி நேரம் கை தடுமாறும். கயிற்றிலிருந்து மேடைக்குத் தாவும்போது நியாயமே இல்லாமல் விழுவாய்.

புது விண்டோஸில் ஓடுமா என்று கேட்டான். 2012ல் வெளியான நியூடார்க் என்ற மேம்பாட்டுக்குப் பிறகு பழைய தீஃப்கள் அகலத் திரையிலும் புது கணினியிலும் ஒழுங்காக ஓடுகின்றன. ரசிகர்கள் உருவாக்கிய மிஷன்கள் வேறு நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடமும் அதிகம் பிடிக்காது. புது தீஃபுக்கு 20 ஜிபி வேண்டும், அவனுடைய காலி இடத்தை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். டிஸ்ஆனர்டுக்கு 9 ஜிபி போதும்.

டிஸ்ஆனர்டைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன். அது மோசம் என்பதால் இல்லை. மூன்றில் மிகச் சுலபமாக யாருக்கும் கை காட்டக்கூடியது அதுதான். பிரான்சின் லியோன் நகரத்தில் தொடங்கிய ஆர்கேன் ஸ்டுடியோஸ் 2012 அக்டோபரில் வெளியிட்டது. பழைய தீஃபின் சொந்தப் பிள்ளை என்று சொல்லலாம். புது தீஃப் வருவதற்குப் பதினாறு மாதம் முன்பே வந்து, அதற்கு ஒரு கடினமான ஒப்பீட்டை உருவாக்கிவிட்டதும் இதுதான். கொள்ளைநோய் பிடித்த டன்வால் நகரம், திமிங்கில எண்ணெயில் எரியும் விளக்குகள், தெருவெல்லாம் எலிகள். கோர்வோ என்ற மெய்க்காவலன் பழிவாங்கப் புறப்படுகிறான். பிளிங்க் என்ற சக்தியால் கண் இமைக்கும் நேரத்தில் பால்கனியிலிருந்து கூரைக்குப் போகலாம். ஒரு மாளிகைக்குள் நுழைய ஏழெட்டு வழிகள் இருக்கும், ஒன்றையும் குறிபோட்டுக் காட்ட மாட்டார்கள். யாரையும் கொல்லாமலே முழு கேமையும் முடிக்கலாம். நிறையக் கொன்றால் எலிகள் பெருகும், நகரம் இன்னும் இருண்டுபோகும், முடிவும் மாறும். முகமூடி விருந்து நடக்கும் மிஷனில் மூன்று சகோதரிகளில் யார் நீ தேடி வந்தவள் என்பது ஒவ்வொரு முறை ஆடும்போதும் மாறலாம். நான் மூன்று முறை ஆடியதற்கு அந்த விருந்து ஒரு காரணம்.

இருந்தாலும் அக்கா மகனுக்கு அதை முதலில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டிஸ்ஆனர்டில் இருட்டுக்குப் பெரிய வேலை இல்லை. காவலனின் கண் போகும் திசையும் தூரமும்தான் கணக்கு. சுவர் ஓரத்திலிருந்து தலையை நீட்டிப் பார்த்தால் எதிரே நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. நேரம் போகப் போகக் கையில் இத்தனை சக்திகள் சேர்ந்துவிடுகின்றன, காத்திருப்பதற்கே காரணம் இல்லாமல் போகிறது. மாட்டிக்கொண்டால் வாளை எடுத்து ஐந்து பேரையும் சாய்த்துவிடலாம். புதருக்குள் படுத்துக் கேட்கிற பையனுக்கு அந்த மூச்சடைத்த பத்து வினாடிகள்தான் வேண்டும். டிஸ்ஆனர்டில் அது வருகிறது, ஆனால் தங்குவதில்லை. அவனுடைய அறைத்தோழன், எதையும் ஓடிக்கொண்டே செய்கிறவன், அவன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்ஆனர்ட் என்று சொல்லியிருப்பேன். (இரண்டாம் டிஸ்ஆனர்டில் கோர்வோவுக்குக் குரல் கொடுத்தவர் அந்தப் பழைய காரெட், ஸ்டீபன் ரஸ்ஸல். முதல் வசனத்தைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது.)

காசே இல்லை என்றால் டார்க் மாட் என்று ஒன்று இருக்கிறது. பழைய தீஃபை நேசித்தவர்கள் டூம் 3 என்ற வேறொரு கேமின் மேல் கட்டியது, 2013லிருந்து தனியாகவே ஓடும், முழுக்க இலவசம். புதிதாக வருகிறவனுக்கு அது கொஞ்சம் முரடு. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போகலாம்.

என் முடிவு தீஃப் 2. முதல் கேமின் கதை தெரியாமல் போவதில் சின்ன நஷ்டம் உண்டு, ஆனால் எலும்புக் குழியில் அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவதைவிட அது பரவாயில்லை. வங்கி மிஷன் வரை வந்துவிட்டான் என்றால் தானாகவே தீஃப் கோல்டைத் தேடி வாங்குவான்.

புது தீஃபை அடுத்த தள்ளுபடியில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதே வாங்க நினைக்கிறவர்கள், பெரிய டிவியில் கன்ட்ரோலரோடு சாய்ந்து உட்கார்ந்து ஆடுகிறவர்கள், பழைய படத்தைக் கண் கொண்டு பார்க்க முடியாதவர்கள், தாராளமாக இதையே எடுக்கலாம். ஆனால் தொடங்கும் முன் பத்து நிமிடம் அமைப்புகளில் செலவழிக்க வேண்டும். விதிகளை நீங்களே வைத்துக்கொள்ளும் கஸ்டம் நிலையைத் தேர்ந்தெடுத்து ஃபோகஸை அணைத்துவிடுங்கள். யாரையும் கொல்லவோ மயக்கவோ கூடாது என்ற விதியை முதல் தடவையே போட வேண்டாம், அது தண்டனை போல ஆகிவிடும், கொலை கூடாது என்பது மட்டும் போதும். திரையில் இலக்கைக் காட்டும் குறியையும், பொருட்களின் பளபளப்பையும், காவலனின் தலைக்கு மேலே வரும் எச்சரிக்கைச் சின்னத்தையும் தனித்தனியாக அணைக்க முடியும், அணையுங்கள். ஒளிக்கல்லை மட்டும் விட்டுவையுங்கள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்ததுக்கு ஓடாமல் பாஸோவிடம் போய் அவர் தரும் வேலைகளை முடியுங்கள். திருடிய அரிய பொருட்கள் மணிக்கூண்டில் உங்கள் மறைவிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகச் சேரும். மழை பெய்யும் நேரம் அங்கே நின்று நகரத்தைப் பார்த்தால், அந்தக் குழு எந்தக் கனவோடு இதைத் தொடங்கியது என்று தெரியும். அதற்காகவே எனக்கு இந்த கேமின்மேல் கோபம் வருவதில்லை, ஏக்கம்தான் வருகிறது.

தீஃப் 2 வாங்கிவிட்டான். முதல் நாள் இரவு அழைக்கவில்லை. இரண்டாம் நாள், பிடிக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. அக்காவும் மாமாவும் தூங்குவதால் கிசுகிசுப்பான குரல்.

"கிடங்குல இருக்கேன் மாமா. ரெண்டாவது மிஷன். ஒருத்தன் முணுமுணுன்னு ஏதோ பாடிக்கிட்டே நடக்கறான். பாட்டு கேக்கறவரைக்கும் அவன் எங்க இருக்கான்னு தெரியுது. நிறுத்திட்டான்னாதான் பயமா இருக்கு."

"எவ்வளவு நேரமா அங்கயே இருக்க?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். படம் எப்படி இருக்குன்னே இப்ப தோணல. நீங்க வழி சொல்லாதீங்க." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "இருங்க மாமா, நிறுத்திட்டான். அப்புறம் பேசறேன்."